நான்காவது முறை வீடு திரும்பியவன்

மார்ச் 4

பாப்பா அம்மாவுக்கு,

நீயும் பாப்பாவும் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டதாக உன் அப்பா போனில் சொன்னார். "சரிங்க மாமா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். மரியாதை தெரியாதவன் என்று நினைத்திருப்பார். போனில் வரும் குரலை நம்பிப் பேச என்னால் முடியவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? குரல் எங்கே வேண்டுமானாலும் வரும். இடிந்த கட்டடத்துக்கு அடியிலும் வந்தது.

அதனால்தான் கடிதம். சிரிக்காதே. கனவில் எழுத்து நிற்பதில்லை. ஒரு கடையின் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டுத் தலையைத் திருப்பி மறுபடி பார்த்தால் அங்கே வேறு என்னவோ எழுதியிருக்கும். அந்தக் குழிக்குள் கிடந்தபோது நான் கற்றுக்கொண்ட ஒரே பாடம் இதுதான். நீ உன் கையால் எழுதி அனுப்பு. திட்டி எழுதினாலும் பரவாயில்லை. நான் படிப்பேன், மடித்து வைப்பேன், மறுபடி படிப்பேன். எழுத்து அப்படியே இருந்தால் எனக்கு ஒரு பிடிமானம்.

சாலையில் நடந்ததைச் சொல்கிறேன். மருத்துவரிடம் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். எனக்குப் பைத்தியம் என்று உன் வீட்டில் பேசிக்கொள்வார்கள், பேசட்டும். நீ கேள்.

அந்தத் துணிக்கடைக் கட்டடம் விழுந்தபோது நானும் உன் தம்பியும் லிஃப்ட் வேலையில் இருந்தோம். நான் கீழே குழியில். மச்சான் எனக்கு ஓர் ஆள் உயரம் மேலே, பலகையில் நின்றுகொண்டிருந்தான். அது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, அதற்கப்புறம் நான் மூன்று முறை காப்பாற்றப்பட்டேன் என்பது.

முதல் முறை மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒருவர் வந்தார். "அண்ணே, கையக் குடுங்க" என்றார். வீட்டுக்கு வந்தேன். நீ கதவைத் திறந்து, "ஏங்க இவ்ளோ லேட்டு? ஒரு போன் பண்ணக் கூடாதா?" என்று சண்டை போட்டாய். குளித்தேன், சாப்பிட்டேன், பாப்பா என் வயிற்றின்மேல் ஏறி உட்கார்ந்தாள். அப்புறம் விழித்தேன். வாய் நிறைய சிமெண்ட் தூள்.

இரண்டாம் முறை எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆம்புலன்ஸில் உன்னிடம், "இது நெசமா?" என்று கேட்டேன். "நெசந்தாங்க. என் கையத் தொட்டுப் பாருங்க" என்றாய். தொட்டேன். சூடாக இருந்தது. வளையல் உராய்ந்தது. நம்பினேன். மறுபடி சிமெண்ட் தூள்.

மூன்றாம் முறை நானும் மச்சானும் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். டீ நாக்கைச் சுட்டது. சூடு நாக்கில் இருக்கும்போதே விழித்தேன்.

இது நான்காவது முறை. எப்படி வெளியே வந்தேன் என்று நினைவில்லை. கண்ணைத் திறந்தால் மருத்துவமனை. நீ இருந்தாய், பாப்பா இருந்தாள். முந்தைய மூன்று முறைக்கும் இதற்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். அந்த மூன்றிலும் மச்சான் என்னோடு வெளியே வந்தான். இங்கே அவன் இறந்துவிட்டதாகச் சொல்கிறார்கள்.

அவை நல்ல கனவுகள், இது கெட்ட கனவு. அவ்வளவுதானோ என்று எனக்குத் தோன்றுவதில் என்ன தப்பு?

அன்றைக்கு நடுச்சாலையில் இறங்கி நின்றபோது, லாரி வந்து மோதினால் விழித்துவிடுவேன் என்று நினைத்தேன். பாப்பாவை இங்கேயே விட்டுவிட்டு விழிக்க மனசு வரவில்லை. அதனால்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்கு ஏதாவது ஆகட்டும் என்று இல்லை. சத்தியமாக இல்லை.

பதில் எழுது.

பாப்பா அப்பா


மார்ச் 9

பாப்பா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். உட்கார்ந்து படித்திருந்தால் எழுந்திருக்க முடிந்திருக்காது.

"விட்டுவிட்டு விழிக்க மனசு வரவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அது பாசம் என்று நினைத்துத்தான் எழுதினீர்கள் என்று எனக்குத் தெரியும். அதுதான் பயமாக இருக்கிறது. யாரோ ஒரு மனிதர், பெயர்கூடத் தெரியாது, காய்கறிப் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து உங்கள் இருவரையும் இழுத்தார். அவர் வீட்டில் அன்றைக்குக் காய்கறி இல்லாமல் போயிருக்கும். அவரும் உங்கள் கனவில் வந்த ஆள்தானா?

இங்கே தெருவைக் கடக்கும்போது பாப்பா யார் கையையும் பிடிப்பதில்லை. நான் பிடித்தால் விரலை உருவிக்கொள்கிறாள். தாத்தா பிடித்தால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறாள். "ஏன்டி?" என்று கேட்டால், "நானே பாத்துப் போயிக்கறேன்" என்கிறாள். ஏழு வயசுப் பிள்ளை.

இன்னொன்று. "இறந்துவிட்டதாகச் சொல்கிறார்கள்" என்று இனிமேல் எழுதாதீர்கள். யாரும் சொல்லவில்லை. நான் பார்த்தேன். நீங்கள் குழிக்குள் கிடந்து மூன்று முறை வீட்டுக்கு வந்துபோனபோது நானும் அப்பாவும் வெளியே, கயிறு கட்டித் தடுத்திருந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தோம். நாங்கள் தூங்கவில்லை. எங்களுக்குக் கனவு எதுவும் வரவில்லை. முதலில் உங்களைத் தூக்கி வந்தார்கள், உயிர் இருந்தது. அப்புறம் அவனைத் தூக்கி வந்தார்கள். முகத்தை மூடியிருந்தார்கள். காலில் ஷூ இல்லை. ஒரு காலில் நீலக் காலுறை, இன்னொன்றில் கறுப்பு. காலையில் அவசரத்தில் கையில் கிடைத்ததைப் போட்டுக்கொண்டு ஓடியிருப்பான். அதைப் பார்த்துத்தான் நான், "என் தம்பிதான்" என்று சொன்னேன்.

நீங்கள் அப்போது மருத்துவமனையில் மயக்கத்தில் இருந்தீர்கள். அவனைக் கொண்டுபோனபோதும் நீங்கள் வரவில்லை. அது உங்கள் குற்றம் இல்லை. ஆனால் பார்க்காததால் நடக்கவில்லை என்று ஆகிவிடுமா? அப்படியென்றால் நான் அழுவது யாருக்காக? கெட்ட கனவில் வருகிற ஒரு பெண் பிள்ளை, பாவம், அழுதுகொண்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?

மருத்துவர் கொடுத்த மாத்திரையைச் சாப்பிடுங்கள். இப்போதைக்கு இங்கே வராதீர்கள்.

எழுத்து மாறுகிறதா என்று நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் அழுத்தித்தான் எழுதியிருக்கிறேன்.

பாப்பா அம்மா


மார்ச் 15

பாப்பா அம்மாவுக்கு,

எழுத்து மாறியது.

உன் கடிதம் வந்ததும் படித்தேன். கடைசியில், "இப்போதைக்கு இங்கே வாருங்கள்" என்று இருந்தது. மாற்றுச் சட்டையை எடுத்துப் பையில் வைத்துவிட்டேன். கிளம்புவதற்கு முன் இன்னொரு தடவை படிப்போம் என்று பிரித்தால் "வராதீர்கள்". அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அன்று முழுக்க வாயைத் துணியால் துடைத்துத் துடைத்துத் தூள் ஒட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன்னைக் கோபப்படுத்த எழுதவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போய்ப் பார்த்தேன். ஃபோர்மேன் நல்ல மனிதர். "வா, சும்மா வந்து உக்காரு. கை ஓடலன்னா வேடிக்க பாரு" என்றார். பட்டறையில் லிஃப்ட் கதவின் உருளைகளுக்கு எண்ணெய் போட்டேன். கை பழையபடி ஓடியது. எண்ணெய் மணம், துருவின் மணம் எல்லாம் சரியாக இருந்தன. கொஞ்ச நேரம் நன்றாகவே இருந்தேன். மத்தியானம் ஓர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று எல்லோரும் கிளம்பினார்கள். நானும் போனேன். அவர்கள் பக்கத்து லிஃப்டில் மேலே போக, நான் படியில் ஏறினேன். மூன்றாம் மாடியில் மூச்சு வாங்க நின்றபோது சுவருக்குள் டொக், டொக் என்று கேட்டது.

தண்ணீர்க் குழாய்தான். எனக்குத் தெரியும். லிஃப்ட் ஏறி இறங்கும் தண்டவாளத்தை நம் ஆட்கள் தட்டியிருக்கலாம், அதுவும் தெரியும். ஆனால் உன் தம்பியும் நானும் அப்படித்தான் பேசிக்கொண்டோம். இடிபாட்டில் எங்களுக்கு இடையில் ஒரு பெரிய சிமெண்ட் பாளம். குரல் பாதி வரும், பாதி வராது. அதனால் அவன் ஸ்பானரால் தண்டவாளத்தைத் தட்டுவான். 'இருக்கேன் மாமா' என்று அர்த்தம். நான் தட்டுவேன். 'நானும் இருக்கேன்.'

நான் படியில் நின்று சுவரைத் தட்டினேன். ஒரு நர்ஸ் வந்து, "என்ன சார் வேணும்?" என்று கேட்கும்வரை தட்டிக்கொண்டிருந்தேன்.

நீ என்னை விழித்துக்கொள்ளச் சொல்கிறாய். மருத்துவரும் அதையேதான் வேறு வார்த்தையில் சொல்கிறார். இரண்டு பேருக்கும் ஒன்று புரியவில்லை. நான் முழுசாக இங்கே வந்துவிட்டால் அங்கே அவனுக்குத் துணை யார்? அவன் தட்டினால் யார் பதிலுக்குத் தட்டுவது?

பாப்பா கையைக் கட்டிக்கொள்கிறாள் என்று எழுதியிருந்தாய். அந்த வரி மாறவில்லை. நிறையத் தடவை பார்த்தேன்.

பாப்பா அப்பா


மார்ச் 21

பாப்பா அப்பாவுக்கு,

நான் எழுதியது "வராதீர்கள்" என்றுதான். முதலிலேயே அப்படித்தான் இருந்தது. நீங்கள் ஆசைப்பட்டதைப் படித்திருக்கிறீர்கள். அதற்குக் கனவு எதுவும் வேண்டாம். இங்கே ஒரு கண்ணாடிக் கடையில் மறுபடி வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். கண் பரிசோதனைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் படிக்கிறார்கள். பலகையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை, என்ன இருந்தால் தேவலை என்று பார்க்கிறார்கள். நேற்று ஒரு பெரியவர் கடைசி வரியைக் கடகடவென்று ஒப்பித்தார். ஒரு எழுத்துகூடச் சரியில்லை. "எவ்ளோ தெளிவா தெரியுதும்மா!" என்று சந்தோஷப்பட்டார்.

சிரிப்பதற்கு எழுதவில்லை. ஆனால் எழுதியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரொம்ப நாளாகிவிட்டது சிரித்து.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. அங்கே அவனுக்குத் துணை யார் என்று கேட்டிருக்கிறீர்கள். இத்தனை நாளும் உங்களுக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. உங்களுக்கு எது கனவு, எது நிஜம் என்று தெரியாமல் இல்லை. இது நிஜமாகிவிட்டால் அவன் இல்லை. இது கனவாகவே இருந்தால் அவன் இன்னும் பாளத்துக்கு அந்தப் பக்கம் ஸ்பானரோடு உட்கார்ந்திருப்பான். அவனை உயிரோடு வைத்துக்கொள்ள எங்கள் எல்லோரையும் பொய்யாக்கிவிட்டீர்கள். என்னை, பாப்பாவை, அம்மாவை, காய்கறிப் பையைப் போட்டுவிட்டு ஓடிவந்த அந்த மனிதரை.

நான் சொல்வது தப்பென்றால் எழுதுங்கள்.

எனக்கும் கனவு வருகிறது. உங்களுக்கு மட்டும் இல்லை. அவன் வருகிறான். ஈரத் தலையோடு நிற்கிறான், "துண்டு எங்கக்கா?" என்கிறான். அவ்வளவுதான். எடுத்துக் கொடுக்கிறேன். அப்புறம் விழிக்கிறேன். ஒரு நிமிஷம் ஒன்றும் நினைவிருக்காது. அதற்கப்புறம் அந்தச் செய்தி மறுபடி முதலிலிருந்து வரும். நீங்கள் ஒரு தடவைகூட ஒப்புக்கொள்ளாத செய்தியை நான் தினமும் காலையில் புதுசாகக் கேட்கிறேன். யாரிடம் போய்ச் சொல்வது? சொல்ல வேண்டியவர் சுவரைத் தட்டிக்கொண்டிருக்கிறார்.

அம்மா தினமும் ஒன்றைக் கேட்கிறாள். "கடேசியா என்ன பேசினானாம்? மாப்பிள்ள ஏதாச்சும் சொன்னாரா?" நான், "அவருக்கு இன்னும் ஒடம்பு சரியாகலம்மா" என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அவன் குரலைக் கடைசியாகக் கேட்ட ஆள் இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். எந்த உலகம் என்று என்னைக் கேட்காதீர்கள். என்ன பேசினான் என்று எழுதுங்கள்.

பாப்பா அம்மா


மார்ச் 30

பாப்பா அம்மாவுக்கு,

"எழுதுங்கள்" என்று எழுதியிருந்தாய். இரண்டு முறை படித்தபோதும் "எழுதுங்கள்" என்றேதான் இருந்தது. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு அது காரணமில்லை.

மச்சான் முதலில் கிண்டல்தான் செய்தான். இடிந்து கொஞ்ச நேரத்தில், தூசி அடங்கியதும், முதல் பேச்சே, "மாமா, இன்னிக்கு அக்காகிட்ட செத்தோம்" என்பதுதான். நான் சிரித்தேன். அவனுக்கு எங்கே அடி என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல மாமா, காலு கொஞ்சம் மாட்டிக்கிச்சு" என்றான். கொஞ்சம் என்று அவன் சொன்னதை நம்பினேன். அது எவ்வளவு என்று மருத்துவமனையில்தான் சொன்னார்கள்.

தூங்கக்கூடாது என்று பேசி வைத்துக்கொண்டோம். தூக்கம் வந்தால் தட்டவேண்டும். ஆனால் நான் தூங்கினேன், அந்த மூன்று கனவும் வந்தன. ஒவ்வொரு தடவையும் விழித்தவுடன் அவனிடம் சொன்னேன். "வெளிய போயிட்டேன்டா மச்சான், வீட்டுக்கே போயிட்டேன்" என்றேன். அவன், "எனக்கு ஏதாச்சும் வாங்கிட்டு வந்தீங்களா?" என்று கேட்டான்.

அப்புறம் அவன் பேச்சு குறைந்தது. தட்டுவது குறைந்தது. நான் தட்டிக்கொண்டே இருந்தேன். ரொம்ப நேரம் கழித்து, திடீரென்று தெளிவாக, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி, "மாமா, வந்துட்டாங்க" என்றான்.

நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். இருட்டு.

"யாருடா?"

"அவங்கதான். வெளிச்சம் அடிக்குறாங்க பாருங்க. கையப் புடிச்சிட்டாங்க. நீங்க வரலியா?"

அவன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் மூன்று முறை போய்வந்த இடம் அது. கத்தவேண்டும் என்று நினைத்தேன். 'டேய், அது கனவு, முழிடா, தூங்காதே' என்று தொண்டைவரை வந்தது. ஆனால் அவன் குரலில் வலி இல்லை. முதல் தடவையாக வலி இல்லாமல் பேசினான். விழித்தால் அவனுக்கு என்ன இருக்கிறது? சிமெண்ட் தூளும் அந்தக் காலும். நான் விழித்த மூன்று முறையும் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும்.

"நீ போ மச்சான், பின்னாடியே வரேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "வீட்டுக்கு வந்தாச்சு மாமா. அக்கா கதவத் தெறக்குறா" என்றான். சிரித்தான் என்று நினைக்கிறேன். அப்புறம் அவனுக்கே என்னவோ சந்தேகம் வந்திருக்கவேண்டும். "மாமா, இது நெசந்தானே?" என்று கேட்டான்.

"நெசந்தான் மச்சான்" என்றேன்.

அதற்கப்புறம் அவன் தட்டவில்லை.

இப்போது உனக்குப் புரிகிறதா? இங்கே மருத்துவர் சொல்கிறார், ஃபோர்மேன் சொல்கிறார், உன் அப்பா சொல்கிறார், "நெசந்தாம்பா, வெளிய வந்துட்ட, வீட்டுக்கு வந்துட்ட" என்று. யார் சொன்னாலும் எனக்கு என் குரல்தான் கேட்கிறது. நானும் அப்படித்தான் அன்பாகச் சொன்னேன். நானும் இப்படித்தான் இதமாகச் சொன்னேன். இருட்டில் எனக்குப் பக்கத்தில் யாரோ படுத்துக்கொண்டு, நான் உளறுவதைக் கேட்டு, 'நெசந்தான், போ' என்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ என்று தோன்றுகிறது. ஒருவேளை அது மச்சானாகவே இருக்கலாம். அவன் நல்லபடியாக இருந்து, நான்தான் போய்க்கொண்டிருக்கிறேனோ என்னவோ.

நீ சொன்னது தப்பில்லை. அவனை வைத்துக்கொள்ளத்தான் பார்க்கிறேன். ஆனால் அது மட்டும் இல்லை.

இதை உன் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று நீயே முடிவு செய்.

பாப்பா அப்பா


ஏப்ரல் 6

பாப்பா அப்பாவுக்கு,

படித்து முடித்ததும் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். அப்புறம் போய் எடுத்து, தட்டி நீவி வைத்தேன். அதற்கப்புறம் ஒரு நாள் முழுக்க உங்கள்மேல் எனக்கு வெறுப்புதான். மறைக்கவில்லை. ஏன் அவனை எழுப்பவில்லை? கத்தியிருந்தால்? இன்னும் கொஞ்சம் தாக்குப் பிடித்திருந்தால்? அவன் பேச்சு நின்று எவ்வளவு நேரம் கழித்துத் தூக்க வந்தார்கள் என்றுகூட உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. எழுப்பியிருந்தால் பிழைத்திருப்பானா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

மறுநாள் கடையில் ஒரு சின்னப் பிள்ளைக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்தேன். அது பயந்து அழுதது. "ஒண்ணும் இல்லடா கண்ணு, வலிக்காது" என்றேன். காதில் அழுத்தியது, வலித்தது. பிள்ளை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அப்போதுதான் உங்களை நினைத்தேன். உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் அவனிடம் சொல்லியிருப்பேன். அதற்காக உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. வரும்போது எழுதுகிறேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். "இது நிஜம்தான்" என்று நான் உங்களிடம் இனிமேல் சொல்லமாட்டேன். அது ஆறுதல் வார்த்தை. அதை நீங்கள் செலவழித்துவிட்டீர்கள்.

வேறு சிலதைச் சொல்கிறேன். எனக்கு ஒரு வாரமாகக் கடைவாய்ப்பல் வலி. வலது பக்கம் மெல்லமுடியவில்லை. இது உங்களுக்குத் தெரியாது, உங்களுக்கு இதனால் ஒரு உபயோகமும் இல்லை. அப்பாவும் நானும் நேற்று ஒரு வாளிக்காகச் சண்டை போட்டோம். பாப்பாவுக்குப் பள்ளியில் புதுசாக ஒரு தோழி, இரண்டு பேரும் சேர்ந்து இன்னொரு பிள்ளையை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், அதற்கு நான் போய்த் திட்டு வாங்கிவந்தேன். உங்கள் கனவில் கதவைத் திறக்கிறாளே, அவள் உங்களுக்காகத்தான் இருக்கிறாள். நீங்கள் விழித்தால் அவள் போய்விடுவாள். நான் அப்படி இல்லை. நீங்கள் பார்க்காதபோதும் எனக்குப் பல் வலிக்கிறது. அதை எப்படி நிரூபிப்பது என்று எனக்குத் தெரியாது. நிரூபிக்க வேண்டிய கடமையும் எனக்கு இல்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். இது கனவாக இருந்து, நீங்கள் நிஜம் என்று நினைத்து நடந்துகொண்டால் என்ன கெட்டுப்போகும்? ஒரு கனவில் ஒழுங்காக இருந்தீர்கள், அவ்வளவுதான். இது நிஜமாக இருந்து, நீங்கள் கனவு என்று சாலையில் இறங்கினால்?

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. அது உங்கள் வாயால் வரவேண்டியது. வந்து சொல்லுங்கள். என்னைப் பார்க்க வரவேண்டாம். அம்மாவுக்காக வாருங்கள்.

இந்தத் தடவை "வாருங்கள்" என்றுதான் எழுதியிருக்கிறேன்.

பாப்பா அம்மா


ஏப்ரல் 17

பாப்பா அம்மாவுக்கு,

நீ கடைக்குப் போயிருந்த நேரத்தில் வந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். வீட்டில் சொல்லியிருப்பார்கள். என்ன நடந்தது என்று நானும் எழுதவேண்டும்.

பேருந்தில் வரும்போது என்னென்னவோ யோசித்துவைத்திருந்தேன். மாமாதான் கதவைத் திறந்தார். முகச்சவரம் செய்துகொண்டிருந்தார் போல, ஒரு கன்னத்தில் சோப்பு நுரை. "வாங்க மாப்பிள்ள" என்றார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, என் வாயில் வந்தது இதுதான்:

"மாமா, மச்சான் செத்துட்டான்."

அவரே சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டு வந்த பிள்ளை. அவரிடம் போய் நான் சேதி சொல்கிறேன். இதுவரை அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர் என்னைப் பார்த்தபடி நின்றார். 'அதான் தெரியுமே' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இப்போதுதான் கேள்விப்படுகிறவர் மாதிரி உதடு துடித்தது. "ஆமா மாப்பிள்ள, போயிட்டான். உள்ள வாங்க" என்றார். என் தோளில் சாய்ந்தார். நுரை என் சட்டையில் ஒட்டியது. அங்கேதான், வாசற்படியில், நான் முதல்முதலாக அழுதேன். அழ ஆரம்பித்தவுடன் எனக்குப் பயம் வந்தது. அவனை விட்டுவிட்டேன் என்ற பயம். ஆனால் நிறுத்தமுடியவில்லை.

அத்தைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் குறைக்கவில்லை. கடைசியில் நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். அத்தை சேலை முனையை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப வீட்டுக்கு வந்துட்டோம்னு நெனச்சுக்கிட்டேதான் போனானா?"

"ஆமாங்க அத்தை."

"கதவ யாரு தெறந்தான்னு சொன்னான்?"

"அக்கான்னு சொன்னான்."

சேலை முனையைச் சுற்றுவதை நிறுத்தினார்கள். அப்புறம், "நான் எங்க இருந்தேனாம்?" என்று கேட்டார்கள்.

'நீங்களும் பின்னாடியே நின்னீங்களாம் அத்தை' என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நாக்கு நுனியில் இருந்தது. அன்றைக்கு மச்சானிடம் சொன்ன பொய்யும் இதே இடத்தில்தான் இருந்தது.

"அத அவன் சொல்லல அத்தை" என்றேன்.

அத்தையின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பார்க்கமுடியாமல் தலையைக் குனிந்துகொண்டேன். அப்புறம் அவர்களே, "சமையக்கட்டுல இருந்திருப்பேன்" என்றார்கள். "வேற எங்க இருக்கப்போறேன்." எழுந்து உள்ளே போனார்கள். பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது.

உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். எனக்கு இன்னும் தெரியவில்லை. திரும்பி வரும்போது பேருந்தில் கண் அசந்து விழித்தேன், சிமெண்ட் தூள் இருக்கிறதா என்று நாக்கு தானாக வாயைத் துழாவியது. இது போகாது என்று நினைக்கிறேன். போகாவிட்டால் அதோடு இருந்துகொள்ளவேண்டியதுதான். மச்சான் தட்டுவதற்கு இனிமேல் பதில் தட்டமாட்டேன். தட்டுவது அவன் இல்லை. எழுதிவிட்டேன்.

பாப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் இருந்த நேரம் முழுக்க அவள் பக்கத்து அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூப்பிட்டேன், வரவில்லை. மறுபடி கூப்பிடவில்லை. நான் கிளம்பித் தெருவில் இறங்கியபோது ஓடிவந்து வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டாள். கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

"அப்பா, நீங்க கனவுன்னு சொல்றீங்களாமே. அம்மா தாத்தாகிட்ட சொன்னாங்க."

"சொன்னேன்டா."

"அப்ப நான் யாரு?"

"நீ என் பொண்ணு."

"அது எனக்குத் தெரியும்" என்றாள். "உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான் என்று அவளிடம் சொன்னேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் திருப்பம்வரை நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். அவள் கேட்டிலேயே நின்று, நான் ஒழுங்காகப் போகிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாப்பா அப்பா